விளக்கு அணைந்தால் கோபப்படாதீர்கள்! கொல்லைக் கொட்டகைக்கும் மின்காவல் வேண்டும்



வீட்டுப் பாதுகாப்பு பற்றி எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசியபோது, நேயர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. “வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டிருக்கிறோம். வீட்டிலிருந்து வயர் இழுத்திருக்கிறோம். மழை பெய்தால் வீடு முழுக்க இருட்டாகிவிடுகிறது. என்ன செய்வது?”

அன்று நிகழ்ச்சி நேரத்திற்குள் சொல்ல முடியாமல் போனவற்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன். நான் மின்னியல் படித்தவள் அல்ல. பொதுத் தொடர்பியலில் டிப்ளோமா பெற்றவள். ஆனால் இந்தப் பாடத்தை என் பெற்றோர் வீட்டுக் கொல்லையிலேயே கற்றுக்கொண்டேன். அதற்கு நாங்கள் கொடுத்த விலை எங்கள் நாயின் உயிர். அது அம்மாவின் உயிராக இருந்திருக்க வேண்டியது.

எங்கள் வீட்டில் நடந்தது

என் பெற்றோர் வீடு காப்பாரில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருபத்தைந்து மீட்டர் தள்ளி, இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்த ஒரு கொட்டகை. அப்பா ஓய்வு பெற்ற பிறகு கட்டியது. துணி துவைக்கும் இயந்திரம், உறைபெட்டி, மாவு அரைக்கும் கிரைண்டர் எல்லாம் அங்கேதான். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அம்மா முறுக்குச் சுட ஆரம்பித்துவிடுவார். அந்த வருமானத்தில்தான் என் படிப்புச் செலவில் ஒரு பகுதி நடந்தது.

மின்சாரம்? சமையலறைப் பிளக்கிலிருந்து ஒரு நீட்டிப்பு வயர். அதன் நுனியில் இன்னொரு நீட்டிப்பு வயர். தகரத்தில் ஓட்டை போட்டு உள்ளே விட்டிருந்தார் அப்பா.

மழைக்காலத்தில் அடிக்கடி வீட்டுச் சுவிட்ச் விழும். சில நாட்களில் துவைக்கும் இயந்திரத்தைத் தொட்டால் அம்மாவுக்கு விரலில் சுருக்கென்று இருக்கும். “செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடும்மா, ஒண்ணும் ஆகாது” என்பார் அப்பா. நாங்கள் எல்லாரும் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

ஒரு தீபாவளிக்கு முன் ஒரே இரவில் மூன்று முறை விளக்கு அணைந்தது. உறைபெட்டியில் இருந்த இறைச்சி கெட்டுவிடுமே என்று அப்பாவுக்குக் கவலை. தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்தார். “இந்த ஆர்.சி.சி.பி.தான் தொல்லை” என்று சொல்லி அதை விலக்கிவிட்டு வயரை நேரடியாக இணைத்துக் கொடுத்தார். அதன்பின் விளக்கு அணையவே இல்லை. எல்லாருக்கும் மகிழ்ச்சி!

இரண்டு வாரம் கழித்து, இரவெல்லாம் மழை. விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா முறுக்கு மாவு எடுக்கக் கிளம்பினார். கொட்டகைச் சுவரோரம் எங்கள் நாய் விறைத்துக் கிடந்தது. பாம்பு தீண்டியிருக்கும் என்று நினைத்து, அதைத் தூக்கப் போன அம்மாவை அப்பா “தொடாதே!” என்று கத்தித் தடுத்தார். வீட்டுக்குள் ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். அந்த ஒரு சொல்தான் இன்றும் எங்களுக்கு அம்மா இருப்பதற்குக் காரணம்.

பிறகு வந்த பதிவு பெற்ற வயர்மேன் காட்டினார்: தகரத்தின் விளிம்பு வயரின் மேலுறையை அறுத்திருந்தது. செம்பு தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொட்டகைச் சுவர் முழுவதும் மின்சாரம். மழை பெய்து மண் ஈரமானபோதெல்லாம் அந்த மின்சாரம் இரும்புக் கால்கள் வழியாக நிலத்தில் கசிந்தது. அதைக் கண்டுபிடித்துத்தான் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டிருந்தது.

“ஐயா, அது உங்களுக்குத் தொல்லை கொடுக்கல. ஒவ்வொரு மழைக்கும் வந்து எச்சரிச்சிட்டுப் போயிருக்கு” என்றார் அவர். அப்பா ஒன்றும் பேசவில்லை.

எம்.சி.பி. ஏன் காப்பாற்றவில்லை?

“டி.பி. பெட்டியில் சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றனவே, அவை காப்பாற்றாதா?” என்று ஒரு நேயர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பெட்டியில் இரண்டு வகைக் காவலர்கள் இருக்கிறார்கள். இருவரின் வேலையும் வேறு.

எம்.சி.பி. என்பது வயருக்குக் காவல். வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால், வயர் சூடாகித் தீப்பிடிப்பதற்கு முன் அது துண்டிக்கும். 20 ஆம்பியர் எம்.சி.பி. 20 ஆம்பியரைத் தொட்டவுடன் விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அனைத்துலகத் தரத்தின்படி, அதன் அளவைப் போல் 1.13 மடங்கு, அதாவது 22 ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடினாலும் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும். 1.45 மடங்கு, அதாவது 29 ஆம்பியர் ஓடினால்தான் ஒரு மணி நேரத்திற்குள் விழுந்தாக வேண்டும்.

இப்போது எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். ஈர மண்ணின் மின்தடை 500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 500ஆல் வகுத்தால் அரை ஆம்பியருக்கும் குறைவு. 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஓர் அலங்கார விளக்கு எரிவது போலத்தான். அது ஏன் விழப்போகிறது?

ஆனால் மனித உடலுக்கு அரை ஆம்பியர் என்பது மிகப் பெரிய அளவு. ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போதே கைத் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. ஒரு 40 வாட் குமிழ் விளக்கு எரிய 170 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்தச் சிறிய விளக்கை எரிக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி போதும், ஓர் உயிரைப் பறிக்க.

அங்கேதான் இரண்டாவது காவலர் வருகிறார். ஆர்.சி.சி.பி., நம் மக்கள் இன்னும் இ.எல்.சி.பி. என்று சொல்வது. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கிறது. கடைக்குப் போன பிள்ளையிடம் மீதிக் காசை எண்ணி வாங்கும் அம்மா மாதிரி! கணக்கில் குறைந்தால், வழியில் எங்கோ கசிகிறது என்று பொருள். உடனே துண்டித்துவிடும்.

எர்த் இருந்தால் போதாதா?

நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளின் எர்த் என்பது, வீட்டுக்கு வெளியே மண்ணில் அடித்து இறக்கிய ஒரு கம்பிதான். அதன் மின்தடை 10 ஓமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது வயர்மேன்கள் கடைப்பிடிக்கும் அளவு. அந்த 10 ஓமும் சரியாகவே இருக்கட்டும். ஒரு கருவியின் உடலில் மின்சாரம் பாய்ந்து எர்த் வழியாகப் போனால், 230ஐ 10ஆல் வகுக்க 23 ஆம்பியர். மேலே சொன்ன 20 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கும் உடனே விழும் என்று உத்தரவாதம் இல்லை. அதுவரை அந்தக் கருவியின் உடல் உயிருள்ள வயர் போலத்தான் நிற்கும்.

ஆகவே, எர்த் கட்டாயம் வேண்டும். அதோடு ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அல்ல. கொட்டகைக்கு அருகில் இன்னொரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீட்டிப்பு வயர் ஏன் கூடாது?

சந்தையில் கிடைக்கும் நீட்டிப்பு வயர்கள் பலவற்றின் செம்பு 1 சதுர மில்லிமீட்டர்தான். அது தாங்குவது சுமார் 10 ஆம்பியர். ஆனால் அதன் பிளக்கில் இருப்பதோ 13 ஆம்பியர் ஃபியூஸ்! அந்த ஃபியூஸ் 20 ஆம்பியரைக்கூட அரை மணி நேரம் தாங்கும்படி செய்யப்பட்டது. ஃபியூஸ் உருகுவதற்குள் வயர் வெந்துவிடும். மீதி வயரைச் சுருட்டி வைத்திருந்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மோசம்.

இன்னொரு சங்கடம், மின்னழுத்த இழப்பு. அந்த மெல்லிய வயரில் 25 மீட்டர் தூரம் 10 ஆம்பியர் போனால், வழியிலேயே ஏறக்குறைய 11 வோல்ட் தொலைந்துவிடும். தொலைந்த வோல்ட் எங்கே போகிறது? வயரைச் சூடாக்குகிறது. கொட்டகையில் உறைபெட்டி மோட்டார் கிளம்பும்போது விளக்கு மங்குவதற்கும் இதுவே காரணம். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் அதே தூரம் 32 ஆம்பியர் போனால்கூட இழப்பு 6 வோல்ட்டுக்குள் அடங்கும்.

சரியான ஏற்பாடு எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டில் வயர்மேன் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு அளவுகள் மாறலாம். முறை மாறாது.

முதலாவது, வீட்டு டி.பி. பெட்டியில் கொட்டகைக்கென்று தனி எம்.சி.பி. வேறு எதுவும் அதில் சேரக்கூடாது. அதன் அளவு கேபிளுக்குப் பொருந்த வேண்டும். எங்களுக்கு 6 சதுர மில்லிமீட்டர் கேபிள், 32 ஆம்பியர் எம்.சி.பி.

இரண்டாவது, கேபிள். இரும்புக் கம்பிக் கவசம் கொண்ட நிலத்தடிக் கேபிளை, மண்வெட்டி எட்டாத ஆழத்தில், ஏறக்குறைய இரண்டடி கீழே பதித்தார். அதன்மேல் எச்சரிக்கை நாடா. கவசத்தையும் எர்த்தோடு இணைத்தார். துணி காயப்போடும் கொடி மாதிரி தலைக்கு மேல் தொங்கிய பழைய வயர் போயே போய்விட்டது.

மூன்றாவது, கொட்டகைக்கு உள்ளே தனியாக ஒரு சிறிய டி.பி. பெட்டி. அதில் ஒரு மெயின் சுவிட்ச். அவசரத்துக்கு வீடு வரை ஓட வேண்டியதில்லை. விளக்குக்கு ஓர் எம்.சி.பி., பிளக்குகளுக்கு வேறு எம்.சி.பி.

நான்காவது, கொட்டகைக்கே சொந்தமாக ஆர்.சி.சி.பி. தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் இதற்கு அளவு சொல்கின்றன. கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள் இருக்கும் இடத்துக்கு 30 மில்லி ஆம்பியர். தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர். மற்ற இடங்களுக்கு 100 மில்லி ஆம்பியர். இவற்றுக்கு மிகாமல் இருக்க வேண்டும். எங்கள் கொட்டகையில் துவைக்கும் இயந்திரம் இருக்கும் ஈரப்பகுதிக்கு 10, சுவர் வைத்து மறைத்த உலர்ந்த பகுதியில் இருக்கும் உறைபெட்டிக்கும் கிரைண்டருக்கும் 30 எனப் பிரித்துவிட்டார். துவைக்கும் பக்கம் கோளாறு வந்தாலும் உறைபெட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது, எர்த். கேபிளோடு எர்த் வயரும் வந்தது. தகரச் சுவர், இரும்புச் சட்டம், குழாய் எல்லாவற்றையும் அதனோடு இணைத்தார். முக்கியமான ஒன்று: கொட்டகைப் பெட்டிக்குள் நியூட்ரல் வயரையும் எர்த் வயரையும் எங்கும் ஒன்றுசேர்க்கவில்லை. சிலர் “இரண்டும் ஒன்றுதானே” என்று சேர்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஆர்.சி.சி.பி. பார்க்கும் கணக்கே குழம்பிவிடும்.

கொட்டகைக் கோளாறுக்கு வீடு ஏன் இருட்ட வேண்டும்?

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட பகுதி. எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி.யை விலக்கச் சொன்னது கெட்ட எண்ணம் அல்ல. மூன்று முறை இருட்டான எரிச்சல்தான். அந்த எரிச்சல் வராமல் செய்துவிட்டால், காவலரை விரட்டும் ஆசையும் வராது.

வீட்டில் 100 மில்லி ஆம்பியர், கொட்டகையில் 30 மில்லி ஆம்பியர் வைத்தால், எண் சிறியதாக இருப்பதால் கொட்டகையில் உள்ளதுதான் முதலில் விழும் என்று நினைக்கத் தோன்றும். சிறிய கசிவுக்கு அது சரி. ஆனால் பெரிய கசிவு ஏற்பட்டால் இரண்டுக்குமே அது அளவு மீறியதுதான். இரண்டும் ஒரே நொடியில் விழும். வீடு மறுபடி இருட்டு!

இதற்கு வழி, நேரத்தைப் பிரிப்பது. ‘எஸ்’ வகை எனப்படும், சற்றுத் தாமதித்து விழும் 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கொட்டகைக் கேபிளுக்கென்று வீட்டில் வைத்தார்கள். மெயின் சுவிட்சுக்குப் பிறகு வழியை இரண்டாகப் பிரித்து, ஒன்று வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு, மற்றொன்று இதற்கு. பெரிய கசிவு வந்தால் கொட்டகையில் உள்ள 30 மில்லி ஆம்பியர் காவலர் ஒரு நொடியின் 25இல் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். தாமத வகை அதுவரை பொறுத்திருக்கும். மண்ணுக்கடியில் உள்ள கேபிளிலேயே கோளாறு என்றால் மட்டும் அது விழும். எந்த நிலையிலும் வீட்டு விளக்கு அணையாது.

பெரிய ஷார்ட் சர்க்யூட் ஆனால் எம்.சி.பி.கள் இரண்டும் சேர்ந்து விழக்கூடும். அதிலும் பாதிக்கப்படுவது கொட்டகை மட்டுமே.

நேயர்கள் கேட்டவை

“அடிக்கடி விழுகிறதே, எது காரணம் என்று நாமே பார்க்கலாமா?” பார்க்கலாம், பெட்டியைத் திறக்காமல். எல்லா எம்.சி.பி.களையும் இறக்குங்கள். ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு பெரும்பாலும் அந்த வழியில். அதை இறக்கியே வைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தால், நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தைத் தொடலாம். அது வயர்மேனின் வேலை.

“இடி இடிக்கும்போது விழுகிறதே?” நம் நாட்டில் மின்னல் அதிகம். அந்த அதிர்வில் ஆர்.சி.சி.பி. விழுவதுண்டு. திரும்ப ஏற்றி நின்றால் கவலை வேண்டாம். மழை நின்ற பிறகும் நிற்கவில்லை என்றால் அது இடி அல்ல, கசிவு.

“ஆர்.சி.சி.பி. இருந்தால் ஷாக்கே அடிக்காதா?” அடிக்கும். உயிர் போவதற்கு முன் துண்டிக்கும் என்பதே அதன் வேலை. ஒரு கையில் உயிர் வயரையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போன மின்சாரம் திரும்பி வந்துவிடுவதால் அதற்குக் கணக்கில் குறை தெரியாது. ஆகவே கவனத்துக்கு விடுமுறை இல்லை.

“யாரைக் கூப்பிடுவது?” சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரையும் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனையும் மட்டுமே. சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவமரியாதை அல்ல. வேலை முடிந்ததும் போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு சான்றுகளைக் கேட்டு வாங்குங்கள். முன்னது வேலை முறையாக முடிந்ததற்கு. பின்னது சோதித்துப் பார்த்ததற்கு.

இன்றே செய்யக்கூடியது

இதைப் படித்து முடித்ததும் டி.பி. பெட்டி அருகே போங்கள். ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் 0.1, 0.03 அல்லது 0.01 என்று ஆம்பியர் அளவு இருக்கும். முறையே 100, 30, 10 மில்லி ஆம்பியர். பக்கத்தில் ‘டி’ என்ற எழுத்துடன் ஒரு சிறு பொத்தான் இருக்கும். கணினி, தொலைக்காட்சி போன்றவற்றை அணைத்துவிட்டு அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் உங்கள் வீட்டில் காவல் இல்லை என்று பொருள். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். பொத்தான் சோதிப்பது கருவியை மட்டுமே. எர்த் சரியாக இருக்கிறதா என்பதை வயர்மேன்தான் அளந்து சொல்ல முடியும்.

யாராவது மின்சாரம் தாக்கி விழுந்து கிடந்தால், முதலில் மெயின் சுவிட்ச். பிறகுதான் ஆளைத் தொடுவது. உடனே 999க்கு அழையுங்கள். துடித்து ஓடிப்போய்த் தொட்டால் ஒரு உயிருக்குப் பதில் இரண்டு உயிர் போகும்.

எங்கள் கொட்டகையில் இப்போதும் அம்மா முறுக்குச் சுடுகிறார். அப்பாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலைப் பசியாறலுக்கு முன் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். ‘டக்’ என்று விழும் சத்தம் கேட்டால்தான் உட்காருவார்.

“முன்னெல்லாம் இந்தச் சத்தம் கேட்டா கோபம் வரும். இப்ப கேக்கலேன்னாதான் பயம்” என்றார் ஒரு நாள்.

உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்கிறதா? இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.